ஒரு சொம்புத் தண்ணீர்

கருமாதி முடிந்த மறுநாள்தான் மலைச்சாமி வீட்டில் மறுபடி குடத்தில் தண்ணீர் எடுத்து வைத்தான். அதற்கு முன் பதினெட்டு நாளாக அந்த வீட்டில் ஒரு பாத்திரத்திலும் தண்ணீர் இல்லை. கடைசி இரண்டு நாள் அவன் மனைவி சண்முகவள்ளி தண்ணீரைக் கண்டால் அலறினாள். அடுத்த அறையில் யாராவது சொம்பைச் சாய்க்கும் சத்தம் கேட்டாலே அவள் தொண்டை இழுத்துக்கொண்டது. குடம், தவலை, அண்டா எல்லாவற்றையும் தூக்கிக் கொல்லையில் கவிழ்த்தான். அவள் போன பிறகும் அவற்றை நிமிர்த்தவில்லை. தாகம் எடுத்தால் கிணற்றடியில் வாளியைச் சாய்த்துக் குடித்தான். அழவில்லை. கருமாதிக்கு வந்த சொந்தக்காரர்கள் அவன் அழாததைப் பற்றித் தாடிக்கொம்பு ஊர் முழுக்கப் பேசிவிட்டுப் போயிருந்தார்கள்.

இடுப்பிலிருந்து குடத்தை இறக்கியபோது கொல்லைக் கதவருகே பேச்சாயி நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் சடையாண்டியின் மனைவி. சண்முகவள்ளியைக் கடித்தது அவர்கள் வளர்த்த செவலை நாய். தினம் பழைய சோறு வைத்தவள் என்றும் பாராமல், பங்குனி மாதத்து ஒரு காலையில் காரணமில்லாமல் அவள் கெண்டைக்காலைக் கவ்வியது.

"தம்பி, சொன்னா நீங்க என்னைய வெட்டினாலும் வெட்டுங்க. அந்த நாயி நாலாம் நாளே செத்துப் போச்சு."

மலைச்சாமி குடத்தின் விளிம்பைப் பிடித்தபடி நின்றான்.

"தானாச் சாகல. இவருதான் அடிச்சாரு. வேலி, மரம்னு எல்லாத்தையும் கடிச்சுக்கிட்டு, வாயில நுரையோட திரிஞ்சுச்சு. தடியால அடிச்சுத் தென்னைக்கு அடியில பொதச்சாரு. அடிக்கையில அவரு கையிலயும் பல்லு பட்டிருச்சு. முள்ளு கிழிச்சிருச்சுன்னு ஊருக்குள்ள சொல்லிட்டாரு."

ஆஸ்பத்திரி டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள். உயிரோடு இருந்தால் பயமில்லை. செத்தாலோ காணாமல் போனாலோ அன்றைக்கே வந்து ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நல்ல விதி. விஞ்ஞான வாத்தியாரான மலைச்சாமிக்குப் புரியும் விதி. பரீட்சைத் தாள் திருத்திய சிவப்பு மையால் காலண்டரில் பத்துக் கட்டங்களைச் சுழித்துவைத்தான். தினமும் சாயங்காலம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். வேலிக்கு அந்தப் பக்கம் சடையாண்டி, "தோட்டத்துல கட்டிப்போட்டுருக்கேன். நல்லாத் தின்னுக்கிட்டுக் கெடக்கு" என்றான். தோட்டம் இரண்டு பர்லாங்கு தூரம். மதுரைக்குப் போய்ப் படித்து வந்தவன், அந்த இரண்டு பர்லாங்கை நடக்கவில்லை.

"பத்து நாளும் கேட்டேனே அக்கா."

"கேட்டீங்க."

"கடைசியா அவளக் குளிப்பாட்டினது நீங்கதானே."

"நாந்தான்." பேச்சாயி தலையை நிமிர்த்தவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாயி வரல."

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"ஊசிக்கு வரமாட்டேங்குறாரு. ஆஸ்பத்திரிச் சீட்டுல நாயி என்ன ஆச்சுன்னு எழுதுவாகளாம். எழுதுனா உங்களுக்குத் தெரிஞ்சு போகுமாம். நீங்க அன்னைக்குச் சொன்ன சொல்லுக்கு இன்னமும் பயந்துக்கிட்டு இருக்காரு தம்பி. நான் சொல்லி எடுபடல. நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டா வருவாரு."

அன்றைக்குச் சொன்ன சொல். மலைச்சாமி அதை மறந்தே போயிருந்தான். வள்ளியின் காலில் ரத்தத்தைப் பார்த்ததும் வேலியோரம் போய் நின்று கத்தினான். அதுவரை அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதனை, தெருவே கேட்க, "ஏலே, நாய்க்கு மட்டும் எதாச்சும் ஆச்சு, உன்னைய ஜெயில்ல தள்ளாம விடமாட்டேன்" என்றான். நாய்க்கு ஆனது. அந்தச் சொல்லிலிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் சடையாண்டி பத்தாம் நாள் வரைக்கும் செத்த நாய்க்கு வாயாலேயே சோறு வைத்திருக்கிறான்.

பேச்சாயி போன பிறகு குடத்தை எட்டி உதைத்தான். தண்ணீர் அடுப்படி வரைக்கும் ஓடியது.

தோட்டத்துக்குச் சைக்கிளில் போகும்போது ஒரே எண்ணம்தான். இவன் சாகட்டும். நான் எதுவும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். என்றைக்காவது ஒரு காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் சொம்பு விழும், அலறல் கேட்கும். கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கலாம். நினைக்க நினைக்க அது நாக்கில் இனித்தது. இனிப்பதை அறிந்து அவன் திடுக்கிட்டான். ஆனாலும் துப்பவில்லை.

சடையாண்டி கத்தரிப் பாத்திக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும், கருத்து மெலிந்த உடம்பு. மலைச்சாமியைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றான். அவன் நின்ற விதத்திலேயே எல்லாம் தெரிந்தது. தென்னைக்கு அடியில் மண் ஒரு முழம் உள்வாங்கியிருந்தது. அங்கே மரத்தில் ஒரு தடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

மலைச்சாமி தடியை எடுத்தான்.

"அதே தடிதான் தம்பி. அடிங்க" என்றான் சடையாண்டி.

தோளில் ஓர் அடி விழுந்தது. சடையாண்டி கையைக்கூடத் தூக்கவில்லை. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது மலைச்சாமிக்குத் தன் வாயோரம் எச்சில் வழிவது தெரிந்தது. புறங்கையால் துடைத்தான். கை நனைந்திருந்தது. அந்தக் கையையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தடியை வாய்க்காலில் வீசினான்.

"கால கழுவிட்டு வா. சைக்கிள்ல ஏறு."

திண்டுக்கல்லுக்கு ஐந்து மைல். பின்னால் உட்கார்ந்த சடையாண்டி மலைச்சாமி மேல் கை படாமல் கேரியரின் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் நாய் என்ன ஆயிற்று என்று கேட்டார். சடையாண்டி தரையைப் பார்த்தான்.

"செத்துப் போச்சு. நாலாம் நாளே" என்றான் மலைச்சாமி.

டாக்டருக்கு அவனை அடையாளம் தெரிந்தது. "உங்க வீட்ல..." என்று தொடங்கி, மொட்டைத் தலையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சடையாண்டியின் புறங்கையில் ஆறிப்போயிருந்த தழும்பைத் திருப்பிப் பார்த்தார். "ரொம்பத் தாமதம். ஐம்பது நாள் ஆயிடுச்சு. இருந்தாலும் போடுவோம். வயித்துல பதினாலு ஊசி, ஒரு நாள் தவறக் கூடாது. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

பள்ளிக்குக் கோடை விடுமுறை என்பதால் காலை வேளை முழுக்க மலைச்சாமி சும்மாதான் இருந்தான். தினமும் ஏழு மணிக்குச் சைக்கிளை வேலியோரம் நிறுத்துவான். ஏறச் சொல்வதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவான்.

"குடி."

சடையாண்டி அண்ணாந்து குடிப்பான். மலைச்சாமி அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பான். எங்கேயாவது சிக்குகிறதா, முகம் கோணுகிறதா, கை நடுங்குகிறதா. பார்ப்பது எதற்காக என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். சொம்பு காலியாகித் திரும்பி வரும் ஒவ்வொரு காலையும் நெஞ்சில் ஒரு ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தோடேயே ஐந்து மைல் மிதிப்பான். வியர்வை கண்ணில் இறங்கும். இந்த எடையைச் சுமந்து இந்த வெயிலில் யார் யாருக்காகப் போகிறார்கள் என்று ஆத்திரம் வரும். மிதியை இன்னும் ஓங்கி அழுத்துவான்.

ரோட்டோர டீக்கடை முத்துச்சாமிக்கு எதுவும் தெரியாது. "என்ன வாத்தியாரே, தெனமும் மாப்பிள்ளை அழைப்பு நடக்குது" என்று முதல் இரண்டு நாள் கேலி பேசினான். மூன்றாம் நாள் விஷயம் பாதி தெரிந்ததும் கடையிலிருந்தவர்களிடம் திரும்பி, "பொண்டாட்டியக் கடிச்ச நாய்க்குச் சொந்தக்காரன். அவனையே ஊசிக்குத் தூக்கிட்டுப் போறாரு. மனுசன்னா வாத்தியாருதாம்ப்பா" என்றான். மலைச்சாமி சைக்கிளை நிறுத்தினான்.

"இன்னொரு வாட்டி அந்தப் பேச்சு பேசினே, பாய்லரைத் தூக்கி உன் தலையில கவுத்துருவேன்."

முத்துச்சாமி அதற்குப் பிறகு டீ ஆற்றுவதில் மும்முரமாகிவிட்டான்.

எட்டாம் நாள் வயிறு வீங்கி, தொப்புளைச் சுற்றிக் கட்டிகட்டியாக இருந்தது. சடையாண்டி சைக்கிளில் ஏறாமல் நின்றான்.

"போதும் தம்பி. விட்ருங்க. அந்தப் புள்ள பட்டதை நானும் பட்டுட்டுப் போறேன். அதுதான் நாயம்."

"அம்புட்டு லேசாப் போயிரலாம்னு பாக்குறியா?"

"லேசு இல்ல தம்பி. கண்ணால பாத்தேனே."

"பாத்தியா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தியா." மலைச்சாமியின் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. "நீ பயந்தே, பொய் சொன்னே. நான் சத்தம் போட்டேன், நேர்ல வந்து பாக்கல. ரெண்டு பேரும் சேந்துதான் கொன்னோம். இப்ப நீ மட்டும் செத்துப்போயி நல்லவனாகிக்கிருவே. நான் என்ன செய்ய? ஏறு."

இதை அவன் இதற்கு முன் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்த்ததில்லை. சொன்ன பிறகு திரும்பி எடுக்க முடியவில்லை. சடையாண்டி ஏறினான். பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது தடுமாறி, முதல் தடவையாக மலைச்சாமியின் இடுப்பைப் பிடித்தான். மலைச்சாமிக்கு உடம்பு கூசியது. உதறிவிடத் தோன்றியது. உதறினால் இரண்டு பேரும் விழுவார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டை தெரிகிறவரைக்கும் அந்தக் கை அங்கேயே இருந்தது.

பதினாலாம் ஊசி முடிந்தது. டாக்டர் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிழைப்பான் என்றும் சொல்லவில்லை, மாட்டான் என்றும் சொல்லவில்லை. நோய் வெளியே தெரிய ஆறு மாதம், சில சமயம் ஒரு வருஷம்கூட ஆகலாம் என்றார்.

பதினைந்தாம் நாள் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. மலைச்சாமி ஏழு மணிக்கு எழுந்து, குடத்திலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டான். மொண்ட பிறகுதான் இன்றைக்குச் சைக்கிள் எடுக்க வேண்டாம் என்பது நினைவுக்கு வந்தது. குடத்திலேயே திருப்பி ஊற்றப் போனவன், ஊற்றாமல் வேலியோரம் போனான். சடையாண்டி ஏற்கனவே அங்கே வந்து நின்றிருந்தான். வழக்கமான சட்டை, தோளில் துண்டு.

சொம்பை நீட்டினான். சடையாண்டி வாங்கி அண்ணாந்து இரண்டு மடக்குக் குடித்தான். நிறுத்தினான். சொம்பைத் தாழ்த்தி, உள்ளே இருந்த மீதித் தண்ணீரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். விரல்கள் சொம்பின் கழுத்தை இறுக்கியிருந்தன.

பதினாலு நாளும் எதிர்பார்த்தது இதைத்தான். மலைச்சாமியின் வாய் உலர்ந்தது.

"குடி" என்றான். சத்தம் வரவில்லை. வேலிக்கு மேலாகக் கையை நீட்டி, சொம்பின் அடியில் விரல்களைக் கொடுத்துத் தாங்கினான்.

"குடிங்கண்ணே."

சடையாண்டி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். பிறகு சொம்பு மெல்ல மேலே எழுந்தது. தண்ணீர் தாடையில் வழிந்து மார்பில் இறங்க, நரைமயிர் முளைத்த அந்தத் தொண்டையில் உருண்டை ஒரு முறை ஏறியது, மேலேயே நின்றது, இறங்கியது. வேலிக்கு இந்தப் பக்கம், ஒரு துளித் தண்ணீரும் இல்லாமல், மலைச்சாமியின் தொண்டையும் அதோடு ஏறி இறங்கியது.