விரத்மோ பார்க்காத கோல்

பெர்ஸ்கா கால்பந்து அணிக்கும் தமக்கும் இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று விரத்மோ இதுவரை பதினான்கு முறை சத்தியம் செய்திருக்கிறார். பதினான்கும் தோற்ற ஆட்டங்களுக்குப் பிறகு செய்தவை. பதினான்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டோடு காலாவதியானவை. கரங்கசின் ஊர்ச் சந்தைக்கு எதிரே அவருக்கு மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. வாடிக்கையாளர் வெறும் கறுப்பு கேட்டாலும் ஓரத்தில் பெர்ஸ்காவின் நீல வெள்ளைப் பட்டை ஒன்றை வைத்துத் தைத்துவிடுவார். பிடிக்காதவர்கள் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். அணி இரண்டாம் பிரிவிலிருந்து மூன்றாம் பிரிவுக்கு இறங்கிய வருடம் கணிசமான பேர் போனார்கள்.

ஆனாலும் ஊரில் அவருக்கென்று ஒரு மரியாதை இருந்தது. தொண்ணூற்றைந்தில் விழுந்த அந்தக் கோலைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் விரத்மோவைத்தான் பார்ப்பார்கள். பெர்ஸ்கா தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை மேல் பிரிவுக்கு ஏறியது. ஏற்றிவிட்டது அந்த ஒரு கோல். கடைச் சுவரில் அன்றைய செய்தித்தாள் போட்டோ சட்டம் போட்டுத் தொங்கியது. சேற்றில் குளித்த கூட்டம் ஒன்று கோலடித்த எலியாஸ் ரும்பியாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எலியாஸின் இடது காலைத் தோளில் சுமந்திருப்பவர் விரத்மோ. மீசை அரும்பிய, இருபத்தாறு வயது விரத்மோ.

போட்டோவில் பொய் எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால், விரத்மோ அந்தக் கோலைப் பார்க்கவில்லை.

கல்யாணமாகி நான்கே மாதம் ஆகியிருந்தது. மனைவி சுமியாத்தியை முதன்முதலாக மைதானத்துக்கு அழைத்துப் போயிருந்தார். கோல் கம்பத்துக்கு நேர் பின்னால் வேலியோரம் இடம் பிடித்தார்கள். ஜெயித்தால்தான் மேல் பிரிவு. கொட்டுகிற மழையில் எண்பத்து மூன்றாவது நிமிடம் வரை கோலே இல்லை. அப்போது பெர்ஸ்காவுக்கு ஒரு பெனால்ட்டி கிடைத்தது. அணித்தலைவர் அதை வானத்துக்கு அடித்தார்.

"போதும்டா சாமி!" என்று தலைத்துண்டை உருவித் தரையில் அடித்தார் விரத்மோ. "இந்த மைதானத்துல இனிமே என் கால் படாது. எழுந்திரு, போவோம்."

சுமியாத்தி அசையவில்லை. "டிக்கெட்டு வாங்கியிருக்கோம்ல? முடியட்டும்."

"என்னத்த முடியுறது? எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"அப்ப நீங்க போங்க. நான் முடிஞ்சதும் வர்றேன்."

புது மனைவியின் முன் வீராப்பாக ஒரு வார்த்தை விட்டாயிற்று. திரும்பி உட்கார மானம் இடம் தரவில்லை. வெளியே போனார். வாசலில் இறைச்சி உருண்டை சூப்பு விற்கும் வண்டியில் ஒரு கிண்ணம் வாங்கினார். இரண்டாவது வாய் உள்ளே போகும்போது மைதானம் கூச்சலில் வெடித்தது. சூப்புக்காரர் கரண்டியை அப்படியே பானைக்குள் போட்டுவிட்டு மதிலை நோக்கி ஓடினார். விரத்மோ கேட்டுக்கு ஓடினார். காவலாளி கதவைத் திறக்கவில்லை.

"என்ன ஆச்சுண்ணே?"

"எனக்கென்னய்யா தெரியும்? நானும் உன்ன மாதிரி வெளியிலதானே நிக்கிறேன்!"

ஆட்டம் முடிந்து கதவு திறந்ததும் விரத்மோதான் முதல் ஆளாக உள்ளே பாய்ந்தார். கைக்கு அகப்பட்ட காலைப் பிடித்துத் தூக்கினார். அது எலியாஸின் காலாகிவிட்டது. போட்டோக்காரர் எதிரே நின்றார். அவ்வளவுதான் நடந்தது.

நனைந்துகொண்டே வீட்டுக்கு நடக்கும்போது சுமியாத்தி கோல் எப்படி விழுந்தது என்று சொன்னாள். மறுநாள் டீக்கடையில் யாரோ செய்தித்தாளைக் காட்டி, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். பார்த்தேன் என்று விரத்மோ சொல்லவே இல்லை. "எப்படி இருந்துச்சா? கேக்குறியா நீ!" என்றுதான் ஆரம்பித்தார். மனைவி சொன்னது கொஞ்சம் பாமரத்தனமாக இருந்ததால் அங்கங்கே தட்டிச் சீராக்கினார். முதல் வாரம் பத்து மீட்டரிலிருந்து அடித்த கோல், ரம்ஜான் வருவதற்குள் முப்பது மீட்டருக்கு நகர்ந்திருந்தது. மழையில் அந்தக் கம்பத்தருகே என்ன நடந்தது என்று மற்றவர்களுக்கும் சரியாகத் தெரியாததால் அதுவே ஊரின் வரலாறாகிப் போனது.

ஒருவர் மட்டும், "நீ பாதியிலேயே வெளிய போனதா சொன்னாங்களே?" என்று இழுத்தார். அப்போது வேன் ஓட்டும் ஜாத்மிகோ குறுக்கே விழுந்தான். "யாரு சொன்னது? என் பக்கத்துலதான்யா நின்னான். கோல் விழுந்த சந்தோஷத்துல என் சட்டையைக் கிழிச்சுட்டான்!"

நண்பன் மானத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று விரத்மோ உருகிப் போனார். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அந்த நன்றிக்கு இதுவரை ஜாத்மிகோவின் வேன் சீட்டுகளுக்கு மூன்று தடவை இலவசமாக உறை தைத்துக் கொடுத்திருக்கிறார்.

சுமியாத்தியும் காட்டிக்கொடுக்கவில்லை. விருந்தாளிகள் முன்னால் கணவர் நாற்காலி மேல் ஏறிக் கோலை விவரிக்கும்போது அவள் தேநீர்க் கோப்பைகளை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதன் பிறகு மைதானத்துப் பக்கமும் அவள் போகவில்லை.

விரத்மோ மட்டும் போய்க்கொண்டே இருந்தார். கோலைப் பார்த்தவன் என்று பேரெடுத்தவன் கண்ணில் படாமல் போனால் சந்தேகம் வருமே என்று காய்ச்சலிலும் போனார். நாற்பது வயதுக்கு மேல் அவருக்கே ஒரு குழப்பம் வந்தது. இந்த அணி மேல் இருப்பது பாசமா, இல்லை சொன்ன பொய்க்குக் காவல் இருக்கிறோமா? விடை தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவர் அதை ரொம்ப நேரம் யோசிப்பதில்லை.

இருபத்தெட்டு வருடம் இப்படி ஓடியது. போன மாதம் ரசிகர் சங்கச் செயலாளர் நிகேன் கடைக்கு வந்தாள். மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்ப்பவள். ஊசி போடுகிற அதே வேகத்தில் பேசுவாள்.

"ஐயா, அணிக்கு எழுபது வருஷ விழா. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி மைதானத்துல நீங்க அந்தக் கோலைச் சொல்றீங்க. எலியாஸ் ஐயாவே பப்புவாவுல இருந்து வர்றாரு. உங்க பக்கத்துலயே நாற்காலி போட்டிருக்கோம்."

விரத்மோவின் கையிலிருந்த ஊசி சீட்டுக்குப் பதிலாகக் கட்டைவிரலில் ஏறியது.

வெள்ளிக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டியது. சனிக்கிழமை இடுப்பு பிடித்தது. சுமியாத்தி தொண்டைக்குத் தேனும் இடுப்புக்குத் தைலமும் எடுத்து வைத்தாள்.

"எனக்கு விழாவுக்கு நூத்தம்பது பெச்செல் சாப்பாட்டுப் பொட்டலம் சொல்லியிருக்காங்க. நீங்க படுத்துக்கிட்டா கீரையும் கடலைச் சட்னியும் யாரு சுமந்துட்டு வர்றது? பேசாம எழுந்து வாங்க."

ஞாயிறு மதியம் மைதானத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். எலியாஸ் தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக நாற்காலியில் அமர்ந்திருந்தார். விரத்மோ மைக்கைப் பிடித்தார். வாய்க்குப் பாடம் மறக்கவில்லை.

"எண்பத்தெட்டாவது நிமிஷம். மழை. நடுக்கோட்டுக்கிட்ட பந்து நம்ம எலியாஸ் காலுக்கு வருது. ஒருத்தனைத் தாண்டுறாரு. ரெண்டாவது ஆளைத் தாண்டுறாரு..."

எலியாஸ் முன்னால் சாய்ந்து வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். விரத்மோ மூச்சு வாங்க நிறுத்தியபோது அவர் ஆவல் தாங்காமல், "அப்புறம் நான் என்ன செஞ்சேன்?" என்றார்.

கூட்டம் சிரித்தது. விரத்மோவுக்கு அதற்கு மேல் வரவில்லை. கோலடித்தவரே அந்தக் கோலை இப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறார்! இந்த வயசில் இது என்ன பிழைப்பு என்று அவருக்கே தோன்றியது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "நான் பார்க்கல. எண்பத்து மூணாவது நிமிஷமே கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டேன். கோல் விழுந்தப்ப வாசல்ல சூப்பு குடிச்சிட்டிருந்தேன்."

உடனே ஜாத்மிகோ எங்கிருந்தோ ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான்.

"நம்பாதீங்க! இவன் சும்மா தமாஷ் பண்றான். என் பக்கத்துலதான் நின்னான். என் சட்டையைக் கிழிச்சானே, அந்தச் சட்டை இன்னும் வீட்ல இருக்கு!"

விரத்மோ அவனைப் பார்த்தார். இனிக் காப்பாற்றுவதற்கு ஒன்றுமில்லை. தானே உடைத்துச் சொல்லியாகிவிட்டது. அப்புறமும் இவன் ஏன் இப்படித் துடிக்கிறான்? ஜாத்மிகோவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. மெல்ல மெல்ல விரத்மோவுக்கு விளங்கியது.

"டேய்... நீயுமா?"

மைக் பக்கத்தில் இருந்ததால் அது ஐந்நூறு பேருக்கும் கேட்டது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. நிகேன் மைக்கை வாங்கவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றாள். எலியாஸ் பரிதாபமாகச் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப இந்த ஊர்ல என் கோலை யாருமே பார்க்கலையா?"

"நான் பார்த்தேன்" என்று பொட்டலங்கள் அடுக்கிய மேசைப் பக்கமிருந்து குரல் வந்தது.

சுமியாத்தி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தாள். மைக் வேண்டாம் என்றாள்.

"பந்து சேத்துல புதைஞ்சு நின்னுபோச்சு. கோல்கீப்பர் எடுக்க வந்து வழுக்கி விழுந்தாரு. நீங்களும் ஓடி வந்து வழுக்கி மல்லாக்க விழுந்தீங்க. உங்க பின்பக்கம் இடிச்சுப் பந்து கோட்டைத் தாண்டுச்சு. நீங்க எழுந்து பந்து எங்கன்னு தேடுனீங்க. எல்லாரும் ஓடிவந்து கட்டிப் பிடிச்சப்புறம்தான் கோலுன்னு உங்களுக்கே தெரிஞ்சுது."

எலியாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபோதுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

"தங்கச்சி, என் பொண்டாட்டிகிட்டகூட நான் இதைச் சொன்னதில்ல."

"இவ்வளவு நல்லாப் பார்த்தவங்க அப்புறம் ஏன் ஆட்டம் பார்க்கவே வரல?" என்று நிகேன் கேட்டாள்.

"பார்க்க வேண்டியதத்தான் பார்த்துட்டேனேம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பொட்டலம் கொடுக்கப் போய்விட்டாள்.

அன்று பெர்ஸ்கா இரண்டு கோலில் தோற்றது. விரத்மோவும் ஜாத்மிகோவும் மேல் படியில் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் விரத்மோதான் முதலில் கேட்டார்.

"எங்கடா இருந்த அன்னைக்கு?"

"மாமியார் வீட்டுக் கூரை ஒழுகுச்சு. ஓடு மாத்திட்டிருந்தேன். ரேடியோவுல கேட்டேன். பெனால்ட்டியோட பேட்டரி போயிடுச்சு."

"அப்புறம் எதுக்குடா என் பக்கத்துல நின்னேன்னு சொன்ன?"

"நீ போட்டோவுல இருந்த. உன் பக்கத்துல நின்னேன்னு சொன்னா எவன் கேள்வி கேப்பான்?" ஜாத்மிகோ சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "சட்டை மட்டும் நிஜம்டா. கூரை ஆணியில மாட்டிக் கிழிஞ்சுது."

"மூணு தடவை சும்மா உறை தைச்சேனேடா, பாவி!"

"நான்கூட ஏதோ நல்ல மனசுன்னு நினைச்சுட்டேன்."

அந்த வாரம் முழுக்கத் தெருவில் தலை காட்ட முடியவில்லை. காய்கறிக்காரியிலிருந்து பள்ளிவாசல் காரியதரிசி வரைக்கும், "என்ன விரத்மோ, சூப்புல உப்பு சரியா இருந்துச்சா?" என்றுதான் விசாரித்தார்கள். அடுத்த ஞாயிறு நான்கு மணி நேரப் பயணத்தில் வெளியூர் ஆட்டம். போக வேண்டிய கட்டாயம் வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு இல்லை. எந்தப் பொய்க்கும் காவல் தேவையில்லை. காலையில் கைலியோடு வாசலில் உட்கார்ந்து கூண்டுப் புறாவுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"கிளம்பலையா?" என்று சுமியாத்தி கேட்டாள்.

"அங்க எனக்கு இனிமே என்ன வேலை?"

"முன்னாடி மட்டும் என்ன வேலை இருந்துச்சாம்?"

விரத்மோ கையிலிருந்த சோளத்தை மொத்தமாகக் கூண்டுக்குள் கொட்டினார். பத்து நிமிடத்தில் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ரசிகர் சங்கப் பேருந்தை நோக்கி ஓடினார். ஜாத்மிகோ ஜன்னலோர இடத்தில் பையை வைத்துப் பிடித்திருந்தான்.

பேருந்து உப்பளங்களைத் தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து கத்தினார்கள். "ஐயா, அந்தச் சூப்புக் கதையைச் சொல்லுங்க!"

கேலிதான். விரத்மோ எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். இதில் எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை. கிண்ணத்தில் சொட்டிய மழை, சூப்புக்காரர் போட்டுவிட்டு ஓடிய கரண்டி, காவலாளியின் எரிச்சல் எல்லாமே நேற்று நடந்தது போல நினைவிருந்தன. சிரிப்பு அலையலையாக வந்தது. மைதானம் வெடித்த இடத்துக்கு வந்ததும் அவர் குரல் தானாகத் தணிந்தது.

"உள்ள இருந்தவங்க எல்லாரும் கத்துனாங்க. கத்துறவனுக்கு அவன் சத்தம்தானே கேக்கும்? வெளியில நின்னவன் நான். ஊரு மொத்தமும் ஒரே வாயா கத்துச்சுப்பா. கால்கிட்ட தரை அதிர்ந்துச்சு. அதை நான் கேட்டேன். அது பொய்யில்ல."

முன் இருக்கையிலிருந்து நிகேன் வேர்க்கடலைப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள்.

அன்று பெர்ஸ்கா நான்கு கோல் வாங்கியது. விரத்மோ நான்கையும் பார்த்தார்.