நீல பெயின்ட் அடித்த கோல் கம்பம்

1.

கத்திவாக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது கிடைத்த கதை இது. எதிரே பள்ளி மைதானத்தில் ஒரு கோல் கம்பம் விழுந்து கிடந்தது. பளபளவென்று புது நீல பெயின்ட். "யாருக்கும் ஒண்ணும் ஆவல" என்றார் பக்கத்தில் நின்றவர், நான் கேட்காமலே. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2.

தொடக்கம்: உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஓசை யாருக்கும்...

(வேண்டாம். ஜிகினா அதிகம்.)

மறுபடியும்: பி.டி. மிஸ் கார்குழலி ஆண்டுதோறும் விளையாட்டு விழாவுக்கு முன் கம்பங்களுக்கு பெயின்ட் அடிப்பாள். படகுக்கு அடித்து மிஞ்சியதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். துருவைச் சுரண்ட நேரம் இருக்காது, மேலேயே பூசிவிடுவார்கள்.* பூச்சு ஏற ஏறக் கம்பமும் கெட்டிப்படுகிறது என்று அவளும் நம்பிவிட்டாள்.

* படகைச் சுரண்டாமல் பூசினால் வீட்டில் திட்டு விழும். பள்ளிக் கம்பத்துக்கு யார் கேட்கிறார்கள்?

3.

கோல்கீப்பர் அனிஷா மேல் கம்பியைத் தாவிப் பிடித்துத் தொங்காமல் எந்த ஆட்டமும் தொடங்காது. முதல் வரைவில் அன்றும் தொங்கினாள். கம்பம் அடியோடு

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிறகுதான் அவளுக்குத் தாகம் எடுக்க வைக்கலாம் என்று தோன்றியது.)

ஆகவே, அனிஷா குழாயடிக்குப் போயிருந்தாள். யாரோ உதைத்த பந்து கம்பத்தில் பட்டது. அவ்வளவுதான், மடங்கி விழுந்தது. கார்குழலி ஓடிப்போய்ப் பார்த்தாள். அடியில் இரும்பே இல்லை. இத்தனை நாளும் பெயின்ட்தான் நின்றிருக்கிறது. அனிஷா தொங்கும் மேல் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னா மிஸ் அழுவுறீங்க? நான் இங்கதான கீறேன்!"

வாயைத் துடைத்துக்கொண்டே வந்த அனிஷாவை இழுத்துக் கட்டிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது. எனக்கும்தான்.

4.

"விழா முடியட்டும் மிஸ், அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பக்கத்துக் கம்பம் நல்லாத்தானே நிக்குது?" என்றார் தலைமையாசிரியர்.

"இதுவும் நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் நின்னுது."

மறுநாள் காலை அனிஷா வீட்டிலிருந்து நீளமான வலைக்கயிறு வந்தது. எதிர்ப்பக்கக் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, பிள்ளைகளை எட்ட நிறுத்தினாள் கார்குழலி. "நானு சொன்னதும் இழுங்க."

5.

முடிவு ஒன்று: கம்பம் விழுகிறது. முடிவு இரண்டு: அசைந்துகொடுக்கவில்லை. எப்படியானாலும் இன்று கார்குழலி நிம்மதியாகத் தூங்குவாள். அதனால் நான் எழுதப்போவதில்லை.

தவிர, மதில் ஓரம் நிற்கும் உங்களை அனிஷா பார்த்துவிட்டாள்.

"இன்னா, சும்மா பாத்துகினு கீறீங்க? வந்து ஒரு கை புடிங்க!"