ஏழாவது துணைத்தலைவருக்கு ஓர் இடம்

அந்தச் சங்கத்தில் முப்பது உறுப்பினர்கள். அவர்களில் ஏழு பேர் துணைத்தலைவர்கள். வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியும் கட்டிலும் இரவல் கொடுப்பது சங்கத்தின் வேலை. போனை எடுப்பது, பொருளை அனுப்புவது, திரும்பி வந்ததைத் துடைத்து வைப்பது எல்லாம் அண்ணி. மற்றவர்கள் சேவை செய்தார்கள்.

அண்ணியின் கொழுந்தனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும். வீட்டில் அவன் பெயர் சின்னவன். சங்கத்தின் வெப்சைட்டைப் புதுசாக்கும் பொறுப்பு, சம்பளம் இல்லாமல், அவன் தலையில் விழுந்தது. கமிட்டி மூன்று முறை கூடிப் படங்களைப் பற்றியே பேசியது. தலைவர் நடுவில், துணைத்தலைவர்கள் சுற்றிலும், எல்லோரும் ஒரே அளவில். ஒருவர் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்துப் படத்தை அனுப்பிவைத்தார்.

எல்லாம் அடுக்கி முடித்த பிறகு, வெளியூர் போயிருந்த ஏழாவது துணைத்தலைவர் வந்து சேர்ந்தார். அவர் படத்துக்கு இடமில்லை. கீழே போடலாமா என்று கேட்டதற்கு, யாருக்கும் கீழே இருந்து தனக்குப் பழக்கமில்லை என்றுவிட்டார். ஓரத்தில் போன் நம்பர் இருந்த கட்டம் சரியாக ஒரு முகத்தின் அளவுக்கு இருந்தது. சின்னவன் நம்பரை எடுத்துவிட்டு முகத்தை வைத்தான். நம்பருக்கு நாளைக்கு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். வந்து குவிந்த பாராட்டில் அதை மறந்தே போனான்.

ஆஸ்பத்திரிச் சுவரில் வெப்சைட் முகவரி மட்டும்தான் எழுதியிருந்தது. அதை நம்பிப் போனவர்களுக்கு எட்டு முகங்கள் கிடைத்தன.

ஒரு மாதம் போன் அடிக்கவில்லை. வட்டாரத்தில் இல்லாமையையே இல்லாமல் ஆக்கிவிட்டோம் என்று கமிட்டியில் தலைவர் முழங்கினார். வெற்றி விழா எடுப்பது, இனித் தேவையில்லாத போனை நிறுத்துவது, அண்ணிக்கு ஒரு கேடயம் கொடுப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. சின்னவனும் கையைத் தூக்கினான். தூக்கிய கை இறங்குவதற்குள் அவனுக்கு உறைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறந்தால் எட்டு முகத்திலும் கரி. சத்தமில்லாமல் நம்பரைச் சேர்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று வீட்டுக்கு வந்தான்.

அண்ணி போனை முன்னால் வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சேதி அவனுக்கு முன்பே அவளிடம் வந்துவிட்டது.

"நிறுத்தட்டும் தம்பி. தப்பு என்மேலதான். யார்கிட்டயோ வெடுக்குனு பேசியிருக்கேன், அது நாலு பேருக்குப் பரவிடுச்சு. யார்கிட்டன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

கட்டிலைத் தாமதமாகத் திருப்பிய ஒருவரிடம், அது என்ன உங்க பாட்டன் சொத்தா என்று எப்போதோ கேட்டிருக்கிறாள். போன வாரம் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாளாம். அவர் ஒன்றும் புரியாமல் டீ கொடுத்தாராம்.

சின்னவன் சொல்லிவிட்டான்.

"அண்ணி, நம்பரை நான்தான் எடுத்தேன். ஏழாவது ஆள் மூஞ்சிக்கு இடம் பத்தலை."

அண்ணி கத்தியைக் கீழே வைத்தாள். "எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னிக்கு. கமிட்டியில."

"அங்கயே சொன்னியா, கையைத் தூக்கிட்டு வந்தியா?"

அவன் உருளைக்கிழங்கைப் பார்த்தான். அவள் மேற்கொண்டு திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அங்கேயே உட்கார்ந்து துணைத்தலைவரை நீக்கி நம்பரைப் போட்டான். நடந்ததைக் கமிட்டி குரூப்பில் எழுதினான். தலைவரின் பதில் உடனே வந்தது: அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது, இந்தச் சமயத்தில் தேவை திரும்பி வருவது சங்கத்துக்கு நல்லதல்ல.

மறுநாள் காலையில் போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். ஒரு பெண். நடக்க முடியாத அப்பாவைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்து, அவளும் பக்கத்து வீட்டுக்காரரும் மூன்று மாடி இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். சங்கத்தை இழுத்து மூடிவிட்டதாக நினைத்தாளாம்.

"மூடலைம்மா. தப்பு எங்க மேலதான்" என்றாள் அண்ணி.

அந்தப் பெண் பரவாயில்லை என்றதோடு நிற்காமல் நன்றி வேறு சொன்னாள். சின்னவனுக்குத் தலை நிமிரவில்லை.

அண்ணி விலாசத்தைக் கேட்டுக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "லிஃப்ட் கிடையாதாம். நாற்காலியை நீயே தூக்கிட்டுப் போ. அப்பாவை இறக்கணுமான்னும் கேட்டுட்டு வா."