சந்தனம் பூசிய ஸ்மார்ட் போர்ட்

பிள்ளைகளின் ஆளுமையை விருத்தி செய்யவென்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்மார்ட் போர்ட் வந்தது. பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்பதுதான் அதிபரின் முதல் உத்தரவு. தொட்டு எழுதுவதற்கென்றே செய்த சாமானை நான்கு மாதம் பூட்டிவைத்துக் காப்பாற்றிய பெருமை நெடுங்கேணிப் பக்கத்தில் எங்களுக்கு மட்டும்தான் இருக்கும்.

வாணி விழாவுக்கு அறை திறந்தது. அதிபர் பட்டு வேட்டியோடு வந்து, திரையின் நடுவில் சந்தனத்தைக் கட்டியாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தார். சரஸ்வதிக்கு உள்ளம் குளிர்ந்திருக்கும்.

மறுவாரம் கல்வி அதிகாரி ஒருவர் வந்தார். மாகாணத் தலைமைத்துவ முகாமுக்கு எங்கள் பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்ய வேண்டும். தயாளினி ஒரு வருடமாக அதற்குத்தான் ஏங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய வகுப்பாசிரியை.

அதிகாரிக்குப் பாடம் ஒன்றைக் காட்ட அதிபர் வகுப்பின் முன்னால் போர்டை இயக்கினார். 'தன்னம்பிக்கை' என்ற தலைப்பு வந்து அப்படியே நின்றது. குத்தினார், தட்டினார், தடவினார். அசையவில்லை.

"கொம்பனிக்காரர் ஏமாத்திப்போட்டாங்கள்," என்று வியர்வையைத் துடைத்தார்.

தயாளினி எழுந்தாள். "சேர், சந்தனம் காய்ஞ்சு ஒட்டிக்கொண்டு நிக்குது. ஆரோ விரலாலை அமத்திக்கொண்டிருக்கினம் எண்டு அது நினைக்குது. துடைச்சுவிடட்டோ?"

"சாமிக்கு வைச்சதைத் துடைக்கிறதோ? இரு பிள்ளை! கேட்டால் மட்டும் வாயைத் திற."

அவள் இருக்கவில்லை. நேரே போய்த் தன் கைலேஞ்சியால் துடைத்தாள். பாடம் ஓடத் தொடங்கியது. அதிகாரி கைதட்டி அதிபரைப் பாராட்டினார்.

பின்னேரம் தெரிவுப் படிவத்தைக் கணினியில் நிரப்பும்போது அதிபர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"தயாளினிக்குப் பணிவு எண்ட இடத்திலை பத்துக்கு ரெண்டு புள்ளி போடுங்கோ ரீச்சர். மதுசனை அனுப்புவம். நல்ல பெடியன், வாயே திறக்கமாட்டான்."

தலைமை தாங்க வாய் திறக்காத பெடியன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நான் கேட்டிருந்த இடமாற்றக் கடிதம் அவருடைய கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. இரண்டு புள்ளி போட்டு அனுப்பினேன்.

மதுசன்தான் போகிறான் என்று கேள்விப்பட்டு அடுத்த நாள் தயாளினி என்னிடம் வந்தாள். "ரீச்சர், நான் என்ன பிழை விட்டனான்?"

"நீ ஒண்டும் செய்யேல்லையம்மா. கொம்பியூட்டர்தான் தெரிவுசெய்தது. எங்கட கையிலை ஒண்டும் இல்லை."

சொல்லிவிட்டு என்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. கொம்பியூட்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"சரி ரீச்சர்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.