மச்சானின் பேட்ஜர் பிரஷ்

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் வாயிலிருந்து அதிகம் வரும் வார்த்தை "தாராளமா வாங்கலாம்" என்பதுதான். கீறல் விழாத பூச்சு வேண்டுமா, வெயிலில் கறுக்கும் லென்ஸ் வேண்டுமா என்று தடுமாறுகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பார். ஆள் தேறும் என்று பட்டால் அந்த வார்த்தையை எடுத்து விடுவார். ஊராருக்கெல்லாம் இப்படி மனசைத் தேற்றி அனுப்புகிறவருக்குத் தன் காரியம் என்று வந்தபோது கை ஓடவில்லை. ஒரு ஷேவிங் பிரஷ் வாங்குவதா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தார்.

சாதாரண பிரஷ் இல்லை. பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்தது. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நுரை வெண்ணெய் போல வரும், முகத்தில் பட்டால் பட்டு மாதிரி இருக்கும் என்றெல்லாம் இணையத்தில் எழுதியிருந்தார்கள். விலை, அவர் கடையில் ஒரு நல்ல ஃபிரேமின் விலை. சாப்பிட்டு முடித்ததும் போனில் அதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு பெருமூச்சு விட்டு மூடிவைப்பார். மனைவி ஒருநாள் எட்டிப் பார்த்து அது என்ன பிராணி என்று கேட்டாள். கரடி ஜாதியா கீரி ஜாதியா என்று அவருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை.

"கரடி முடிய மூஞ்சில தேய்க்கவா இவ்வளவு படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, தைக்க வேண்டிய துணியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். தாடையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்து, வலது காதுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. நரம்பு டாக்டர் ஒருவரிடம் காட்டுவதற்காக வந்திருந்தார். எப்படி இருக்கிறது என்று யார் கேட்டாலும் "இருக்கு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது. வந்த அன்றே குளியலறை அலமாரியில் ஒரு சின்ன ஸ்டாண்டை வைத்து, அதில் ஒரு பிரஷ்ஷைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே பிரஷ்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். அதன் பிறகு விடியற்காலையில், மச்சான் எழுந்திருக்கும் முன்பே குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டார். திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் எத்தனை ஃபிரேமை மூக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்காமலே போகிறார்கள். ஒருவரையாவது ஒரு சொல் சொன்னதுண்டா? நனைத்து, நுரை கிளப்பி, கன்னத்தில் வைத்தார். பூனை உரசிவிட்டுப் போனது போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு விலைக்கு நன்றாக இருந்ததா என்பது பிடிபடவில்லை. கழுவி, உதறி, பழையபடியே தொங்கவிட்டார். இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. மறுநாளும் அப்படியே தோன்றியது. இப்படியே ஒரு வாரம் ஓடியது.

ஒருநாள் தாழ்போட மறந்துவிட்டார். கதவு திறந்தது. தோளில் துண்டோடு மச்சான் நின்றார். இவர் முகம் முழுக்க நுரை; கையில் மச்சானின் பிரஷ்; அலமாரியில் இவருடைய சொந்த பிரஷ், காய்ந்துபோய்.

"பிரஷ் மாறிப்போச்சு போல, மச்சான்" என்றார்.

மச்சான் உள்ளே வந்து, கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"தெரியும் மாப்பிள்ளை. தினமும் எனக்கு முன்னாடியே நனைஞ்சிருக்கு. எப்படி இருக்கு?"

குத்திக்காட்டுகிறாரோ என்று இவர் மச்சானின் முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. மச்சான் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இந்தப் பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியாது. கிள்ளினாலும் தெரியாது. கடைக்காரன் இத மாதிரி மிருது எதுலயும் கிடையாதுன்னான். அவ்வளவு ஒசத்தின்னா இங்க கொஞ்சமாவது தெரியும்னு நினைச்சு வாங்கினேன். தெரியல. யாரையாவது கேக்கலாம்னா, ஷேவிங் பிரஷ் எப்படி இருக்குன்னு யாரப் போய்க் கேக்க? நீங்க சொல்லுங்க."

'தாராளமா' என்பது நாக்கு நுனி வரை வந்தது. இவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"நல்லாதான் இருக்கு மச்சான். ஆனா தொட்டதே தெரியாம தொடுது. ரெண்டு பக்கமும் நல்லா இருக்கிற எனக்கே சரியா தெரியல."

மச்சான் தலையாட்டினார். நுரை காய ஆரம்பித்தது. பிறகு இவர் தன் பழைய பிரஷ்ஷை எடுத்தார். தெருமுனைக் கடையில் வாங்கிய பன்றி முடி பிரஷ். பாதி முடி வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும்.

"இது குத்தும்" என்றார். "போட்டுப் பாக்கலாமா?"

பெண் கொடுத்த வீடு, எடுத்த வீடு என்று இத்தனை வருஷம் பழகியும் இவர் மச்சானின் முகத்தைத் தொட்டது கிடையாது. மோவாயில் தொடங்கி வலது பக்கமாக வட்டம் வட்டமாக மேலே ஏற்றினார். மச்சான் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தாடை முனைக்கு வந்தபோது அவர் கண் இமை ஒரு துடிப்புத் துடித்தது.

"அங்க" என்றார். "இன்னொரு தடவ."

"குத்துதா?"

"குத்துதான்னு சொல்லத் தெரியல. என்னமோ இருக்கு. விடாதீங்க."

வெளியே மனைவி கதவைத் தட்டி, ரெண்டு பேரும் உள்ளே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஷேவ் பண்ணுகிறோம் என்றார் இவர்.

டாக்டர், நரம்பு மெல்ல மெல்லத்தான் உயிர் பிடிக்கும் என்றும், பிரஷ்ஷுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும், செய்தால் தப்பில்லை என்றும் சொன்னார். மச்சான் ஊருக்குக் கிளம்பும்போது பன்றி முடி பிரஷ்ஷைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். பேட்ஜர் அலமாரியிலேயே இருந்தது. அதெல்லாம் வேண்டாம் என்று இவர் முறைக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அண்ணன் மனசாரக் கொடுக்கிறதை வாங்கி வைத்தால் என்ன என்று மனைவி வழக்கை முடித்துவைத்தாள்.

ஆக, வருஷக்கணக்கில் ஏங்கிய பொருள் பைசா செலவில்லாமல் கைக்கு வந்தது. அதையே உபயோகித்தார். தினமும் முகம் கழுவாமலே கடைக்குப் போவது போல ஒரு குறை. காசு கொடுத்து வாங்கியிருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கடைசியில் தெருமுனைக் கடைக்கே போய்ப் பழைய மாதிரியிலேயே ஒன்று வாங்கிவந்தார். பேட்ஜரை மனைவி தையல் மெஷினில் நூல் தூசு தட்ட எடுத்துக்கொண்டாள். அதற்கு அது பிரமாதம் என்றாள்.

அடுத்த மாதம் ஒரு காலை, கடை திறந்த கையோடு மச்சானிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, காதுக்குக் கீழ பிளேடு பட்டுடுச்சு. ரத்தம் வருது."

"பாத்து செய்யக்கூடாதா மச்சான்?"

"எரியுது" என்றார் மச்சான். "நல்லா எரியுது."

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிகாரம் இருந்தால் உடனே வைத்து அழுத்தச் சொன்னார்.

"வைக்கிறேன்" என்றார் மச்சான். "கொஞ்சம் பொறுத்து வைக்கிறேன்."