ஒரே ஒரு செல்லின் வெளிச்சம்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. செக் நாட்டுப் பர்னோ நகரில் என் வீட்டிலிருந்து இரண்டு டிராம் நிறுத்தம் தள்ளி ஓர் ஆய்வகம். அதன் நடைவழியில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள்: கறுப்பில் சிவப்பும் பச்சையுமாக நெளியும் இழைகள், ஒரு செடியின் குரோமோசோம்கள். நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து அங்கே வேலை செய்பவர் சிரித்தார். "கேமராவுக்கு எல்லாம் சாம்பல் கலராத்தாங்க தெரியும். இந்தக் கலரெல்லாம் நாங்க கம்ப்யூட்டர்ல குடுக்கறது."

சாம்பலை எடுத்து, நிறம் பூசி, அதை உண்மை என்று நம்பவும் வைக்கிறார்கள். என் தொழிலை என்னைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

2.

முதல் தொடக்கம்: 'மழை தூறிய ஒரு நவம்பர் காலையில் யர்மிலா தன் குடையை'

வேண்டாம். இங்கே நவம்பரில் வேறென்ன நடக்கும்?

இரண்டாவது: 'அந்தச் செடி செத்துவிட்டது.' இது பரவாயில்லை.

அந்தச் செடி செத்துவிட்டது. கடுகுக் குடும்பத்தில், வெள்ளைப் பூ பூக்கும் ஓர் அற்பச் செடி. ஒரே ஒரு பாறையில்தான் வளர்ந்தது; பாறையைக் கல்குவாரி தின்றது. காப்பாற்றிக் கொண்டுவந்த தொட்டிச் செடிகள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹீட்டர் நின்றுபோய்க் குளிரில் கருகின. மிச்சம், ஆய்வக உதவியாளன் லுபோர் அதன் பூமொட்டை நசுக்கித் தயாரித்த ஒரு ஸ்லைடு. அதில் உருப்படியான செல் ஒன்றே ஒன்று.

அந்தச் செடியை ஆராய்கிற யர்மிலாவுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். முன்னோரிடம் தனித்தனியாக இருந்த இரண்டு குரோமோசோம்கள் இதில் ஒட்டி ஒன்றாகிவிட்டனவா? ஆகியிருந்தால் இது தனி இனம் என்று வாதாடலாம். செத்த பிறகாவது அதற்கொரு பெயர் கிடைக்கும். சொந்தக்காரச் செடி ஒன்றின் டி.என்.ஏ. துண்டுகளை எடுத்து, ஒரு குரோமோசோமுடையதற்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையுமாக ஒளிரும் சாயம் ஏற்றி, அந்த ஸ்லைடில் விட்டிருந்தாள். அவை தங்கள் உறவைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்; இரண்டும் ஒன்றாகியிருந்தால் ஒரே இழையில் இரு நிறமும் தெரியும். ஆனால் வேறு கேள்விகளுக்காக ஏற்கனவே இருமுறை சாயம் ஏற்றிக் கழுவி நைந்த ஸ்லைடு அது. விளக்கைப் போட்டால் சில நொடிகள் மினுங்கும். அந்த விளக்கே சாயத்தை எரித்துவிடும். பார்ப்பதுதான் அழிப்பது.*

* இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். ரொம்ப அழகாக இருக்கிறது. சந்தேகப்படுங்கள்.

3.

லுபோரோடுதான் எனக்குத் தகராறு. முதல் வரைவில் அவன் தியாகி. 'நீயே படம் எடுத்துக்கோ' என்று ஒதுங்கிப் போனான். அப்படிப்பட்ட மனிதனை நான் பார்த்ததில்லை. அதனால் அவனுக்கு ஓர் ஆசையைக் கொடுத்தேன். கண்ணையும் பிடுங்கிக்கொண்டேன்: விழித்திரை போய்க்கொண்டிருக்கிறது, வைத்தியர் கைவிரித்துவிட்டார்.

அன்று மதியம் இருவரும் சாப்பிட்டுத் திரும்பும்போது, தெருவைக் கடக்குமிடத்தில் சிக்னல் விளக்கைப் பார்த்து நின்று அவன் கேட்டான்: "சிவப்பா, பச்சையா?"

"உனக்கு எப்பவும் விளையாட்டுதான்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

(இதை ஏன் எழுதினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.)

மைக்ராஸ்கோப் அறை. ஜன்னல் மூடி, விளக்கணைத்த இருட்டு. லுபோர் கசகசா பன்னைத் தின்றபடி உட்கார்ந்திருந்தான்.

"மேல சிந்தாத."

"கேமராவ மாட்டாத, யர்மிலா. நான் கண்ணால பாக்கறேன்."

"பேசாம இரு. ஒரு தடவதான் தெரியும். கேமராவுக்கும் கண்ணுக்கும் பங்கு போட வெளிச்சம் பத்தாது."

"அதனாலதான் கேக்கறேன். முப்பது வருஷமா மொட்ட நசுக்கி நசுக்கிக் குடுத்தேன். நீ கலர் பூசின படத்தத்தான் காட்டுவ. நிஜ வெளிச்சத்தக் கடைசியா ஒரு தடவ பாத்துக்கறேனே. வசந்தம் வந்தா உன் மூஞ்சிகூட எனக்குத் தெரியாது."

"அது உனக்கு லாபம்தான்."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"படம் இல்லாட்டி ஊர்ல ஒருத்தன் நம்புவானா?"

"ஊர விடு. பாத்தத நான் சொன்னா நீ நம்பமாட்டியா?"

4.

முடிவு அ: அவள் படமெடுக்கிறாள். செடிக்குப் பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரை யாரோ வாசிக்க, லுபோர் காதால் கேட்டுக்கொள்கிறான். எழுதினேன், என் மேலேயே வெறுப்பு வந்தது.

முடிவு ஆ: விளக்கு வெடித்துவிடுகிறது. கோழைத்தனம்.

முடிவு இ: யர்மிலா கேமராவிலிருந்து கையை எடுத்தாள். லுபோர் குனிந்தான். அவள் விளக்கின் மூடியைத் திறந்தாள்.

"என்ன தெரியுது? லுபோர்?"

அவன் கண்ணை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"ஒட்டியிருக்கு" என்றான். குரல் உடைந்தது. "பாதி சிவப்பு, பாதி பச்சை. நடுவுல துளி இடைவெளி இல்ல. என்ன அழகுடி!"

அவள் அவனை நகர்த்திவிட்டுக் கண்ணை வைத்தாள். வெறும் கறுப்பு. கண்வைக்கும் இடம் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் தெருவில் சிக்னலைப் பார்த்து அவன் கேட்டது அவளுக்கு நினைவு வந்தது: சிவப்பா, பச்சையா?

5.

"நம்பறியா?" என்கிறான் லுபோர், இருட்டில், அவள் இருக்கும் பக்கம் தோராயமாகத் திரும்பி.

'யர்மிலா அவன் தோளில் கையை வைத்து'

இல்லை. இதற்குமேல் என்னால் எழுத முடியாது. அவளை எழுப்பிவிட்டேன், அந்த நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவனுக்கு உங்கள் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். காத்திருக்கிறான். சொல்லுங்கள்.