மீன ராசிக்கு நீரில் கண்டமில்லை

நிலநடுக்கம் வந்தால் செவ்வாய். புயல் வந்தால் ராகு. வெள்ளம் வந்தால் சந்திரன். காட்டில் தீப்பிடித்தால் மறுபடியும் செவ்வாய். பாவம், அவருக்குத்தான் வேலை அதிகம். இந்தப் பொறுப்புப் பங்கீட்டை அந்தத் தொலைக்காட்சி நிலையத்தில் வாசல் காவலர் வரை எல்லோருக்கும் மனப்பாடமாக்கியவர் காலை நிகழ்ச்சியின் ஜோதிடர். எங்காவது மலை சரிந்தால் போதும், மண் அடங்குவதற்குள் பவுடர் பூசிக்கொண்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிடுவார். "இதை நான் போன வருஷமே சொன்னேன்" என்பார். போன வருஷம் அவர் சொன்னது, உலகின் சில பகுதிகளில் சில சங்கடங்கள் நேரலாம் என்பதுதான். அதைச் சொல்ல ஒன்பது கிரகமும் கூடி மாநாடு நடத்த வேண்டுமா என்ன?

இப்படிக் கேட்டுக் கேட்டே கெட்ட பெயர் வாங்கியவள் அந்த நிகழ்ச்சியின் எடிட்டர். நிலையத்தில் அவளைக் 'கத்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஜோதிடரின் இருமலையும் தும்மலையும், ஒரே கிரகத்தை இரண்டு ராசியில் உட்கார வைக்கும் தடுமாற்றத்தையும் வெட்டி எறிந்து, அவரைப் பிசிறில்லாத ஞானியாக ஊருக்குக் காட்டியது அவள் கைதான். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, கால் ஆடும் ஒரு நாற்காலி. கட்டின புருஷன் முகத்தைக்கூட அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மழை விடாமல் கொட்டிய அந்த வாரம் சிறப்பு நிகழ்ச்சி எடுத்தார்கள். தலைப்பு, 'வெள்ளம் சொல்லும் செய்தி'. வெள்ளம் சொன்ன செய்தி இதுதானாம்: மனிதன் தர்மத்தை மறந்தான், சந்திரன் கோபித்துக்கொண்டான், ஆனால் நீர் ராசிகளான கடகம், விருச்சிகம், மீனம் மூன்றுக்கும் நீரால் கண்டமில்லை. "தாய் தன் பிள்ளையை அடிப்பாளா?" என்று ஜோதிடர் கேமராவைப் பார்த்து உருகினார். உருகி முடித்து, வக்கீல் சொல்லிக் கொடுத்ததோ என்னவோ, கடைசியில் ஒரு வாக்கியம் முணுமுணுத்தார்: "அதிகாரிகள் கிளம்பச் சொன்னால் ராசி பார்க்காமல் கிளம்பிவிடுங்கள்." அவர் தொழில் வாழ்க்கையிலேயே உருப்படியாகப் பேசிய ஒரே வாக்கியம்.

நிகழ்ச்சி கொஞ்சம் நீண்டுவிட்டது. ராசிக்கல் மோதிர விளம்பரத்தைக் குறைக்க முடியாது. அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே அந்த வாக்கியத்தை வெட்டினாள்.

மறுநாள் மத்தியானம் ஆறு கரையை மீறியது. ஆற்றோரத் தெருவைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார்கள். அந்தத் தெருவின் கடைசி வீட்டில்தான் அவளுடைய அக்கா இருந்தாள். அம்மா போன பிறகு இவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவள், இவள் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டவள், இப்போது தனியாக இருப்பவள். தங்கைக்குத் தொலைக்காட்சியில் வேலை என்பது அவளுக்குத் தெரியும், என்ன வேலை என்பது தெரியாது. ராசி, கேட்கவே வேண்டாம், மீனம்.

"அக்கா, கிளம்பிட்டியா?"

"எதுக்குடி கிளம்பணும்? நேத்து நிகழ்ச்சி நீ பாக்கலையா? மீன ராசிக்குத் தண்ணியில கண்டமே இல்லைன்னு ஐயா சொல்லிட்டாரே."

"அந்த ஆளு சொன்னா? அக்கா, அவருக்கு நாளைக்கு என்ன சட்டைன்னு நாங்கதான் சொல்லணும்!"

"வாயைக் கழுவு. அவர் புண்ணியத்துலதான் உங்க வீட்டுல அடுப்பு எரியுது."

"வாசல்ல தண்ணி வந்துடுச்சா?"

"படி வரைக்கும் வந்துச்சு. அங்கேயே நின்னுடுச்சு பாத்தியா?" அக்காவின் குரலில் பெருமை வழிந்தது. ஏதோ ஆறு அவளைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது மாதிரி.

இவள் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. நேரில் போய்க் கையைப் பிடித்து இழுக்கலாம் என்றால் பாலத்தை மூடிவிட்டார்கள். அப்போதுதான் நேற்று வெட்டி எறிந்த அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தது. காதில் பூ சுற்றியது ஜோதிடராக இருக்கலாம், ஆனால் பூவிலிருந்து முள்ளைக் கிள்ளுவதைப் போல அந்த எச்சரிக்கையை எடுத்துப் போட்டது இவள் கை.

ஜோதிடரைப் பிடித்து அக்காவிடம் ஒரு வார்த்தை பேச வைக்கலாம் என்று அவர் எண்ணுக்கு அடித்தாள். எடுத்தது அவர் மனைவி.

"நாங்க மேல மலைப் பங்களாவுக்கு வந்துட்டோமேம்மா."

"கிரகம் பாத்தா?"

"இல்லம்மா, வானிலை அறிக்கை கேட்டுட்டு."

"ஐயாகிட்ட கொஞ்சம் குடுங்களேன். அவசரம்."

"தூங்கறாரு. இடையில எழுப்பினா..." என்று அந்த அம்மாள் இழுத்தபோதே தொடர்பு அறுந்தது. பிறகு கிடைக்கவே இல்லை.

கைப்பேசியை மேசையில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். எதிரே இரண்டு திரைகளிலும் ஜோதிடர் பாதி வாயைத் திறந்தபடி உறைந்திருந்தார். ஆளில்லாவிட்டால் என்ன, வாய் இங்கே இருக்கிறதே! வருஷக்கணக்கில் பேசியது அத்தனையும் இவள் கணினியில் கிடக்கிறது.

'மீன ராசி அன்பர்களே' தினமும் வரும், அதற்குப் பஞ்சமில்லை. 'கண்டம் இருக்கிறது' என்பதைப் பத்து விதமான சோகத்தில் வைத்திருந்தார். 'உடனடியாக' என்பது பல்வலிக்குப் பரிகாரம் சொன்னதில் கிடைத்தது. 'வீட்டை விட்டு' என்பதை, கணவன் வீட்டை விட்டு ஓடாமல் இருக்க வழி சொன்ன நிகழ்ச்சியிலிருந்து உருவினாள். 'மேடான இடத்துக்கு' மனை வாங்குவோருக்கானது. 'கிளம்புங்கள்' மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. ஜோதிடர் யாரையும் எங்கேயும் கிளப்பியதே இல்லை, உட்கார வைத்துத்தான் பழக்கம். கடைசியில், நேர்முகத் தேர்வுக்கு வலது காலை முன்வைத்துக் கிளம்புங்கள் என்ற ஒன்று கிடைத்தது. படத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் ஒட்டினாள். பின்னால் லேசாக வீணை இசை சேர்த்தாள். பொய் சொன்னாலும் நிகழ்ச்சியின் தரம் குறையக்கூடாதல்லவா?

அக்காவின் கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுச் சொன்னாள்: "இன்னும் ஒளிபரப்பு ஆகலைக்கா. உனக்கு மட்டும் முன்னாடியே அனுப்பறேன்."

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. "அப்படி வா வழிக்கு! ஐயாவே சொல்லிட்டா அப்புறம் என்ன? இதோ கிளம்பறேன்." வைத்துவிட்டு உடனே திரும்ப அழைத்தாள். "ஏய், எதிர் வீட்டுக்காரர் வரமாட்டேங்கறாரு. அவர் சிம்மமாம். சிம்மத்துக்கு ஐயா என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் இரு."

சிம்மத்துக்கும் அதையே சொன்னார். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துலாம், அவள் மருமகன் தனுசு. மருமகனுக்கு மாமியாருக்கு முன்னால் பலன் வந்துவிட்டதென்று அங்கே ஒரு சண்டை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் தன் ராசி தெரியாமல் முழிக்க, அவருக்காக 'அனைத்து ராசி அன்பர்களே' என்று பொதுவாக ஒன்று தேவைப்பட்டது. ஒலிபெருக்கியில் தொண்டை கிழிய அதிகாரிகள் கத்தியும் அசையாத தெரு, ராசிவாரியாக மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. இருட்டுவதற்குள் ஆறு அக்கா வீட்டின் முன்னறையையும் சமையலறையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. சந்திரன் பெற்ற பிள்ளை வீடென்று பார்க்கவில்லை.

வெள்ளம் வடிந்ததும் தெருவே திரண்டு நிலையத்துக்கு நன்றி சொல்ல வந்தது. தயாரிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் கைப்பேசியில் இருந்ததை ஜோதிடருக்குப் போட்டுக் காட்டினார். கத்திரி சுவரோடு சுவராக நின்றாள், வேலை போனது என்றே முடிவு கட்டிவிட்டாள். ஜோதிடர் கண்ணை மூடி ஒருமுறை கேட்டார், மறுமுறையும் கேட்டார்.

"நான் எப்ப சொன்னேன்னு எனக்கே நினைவில்லை" என்றார் தழுதழுத்து. "அந்த நேரத்துல நான் நானா இருந்திருக்க மாட்டேன்."

அது என்னவோ உண்மைதான். அந்த நேரத்தில் அவர் மலைப் பங்களாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த சிறப்பு நிகழ்ச்சியில் அக்கா சிறப்பு விருந்தினர். இரவல் புடவை கட்டிக்கொண்டு, எல்லா விளக்கும் முகத்தில் அடிக்க, ஐயா வாக்கால் உயிர் பிழைத்த கதையைச் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் குரல் தணிந்தது. "என் தங்கச்சியும் போன்ல அழுதா, பாவம். அவளுக்கு நான்னா உயிர். நான்தான் அவ பேச்சைக் கேக்கலை." அதைக் கேட்டதும் எடிட்டர் அறையில் இருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். அக்கா இப்படியொரு வார்த்தையை அவள் முகத்துக்கு நேராகச் சொன்னதே கிடையாது.

நிகழ்ச்சியின் கடைசியில் ஜோதிடர் பழையபடி முணுமுணுத்தார், அதிகாரிகள் கிளம்பச் சொன்னால் ராசி பார்க்காமல் கிளம்பிவிடுங்கள் என்று.

தயாரிப்பாளர் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். "நீளமா இருக்கு கத்திரி. ஐயா கடைசியில ஏதோ சொல்றாரே, அதைத் தூக்கிடு. மோதிர விளம்பரம் முழுசா வரணும்."

"பாத்துக்கறேன் சார்."

அவள் அந்த முணுமுணுப்பின் ஒலியைக் கூட்டினாள், தெளிவாகக் கேட்கட்டும் என்று. மோதிரத்தில் கை வைக்க முடியாது. வேறு எங்கிருந்தாவது அந்த நேரத்தை எடுத்தாக வேண்டும். அக்காவின் குரல் தணிந்த அந்த இடத்துக்குப் போனாள். போட்டுக் கேட்டாள், திரும்பவும் போட்டுக் கேட்டாள். பிறகு வெட்டினாள்.

ஒளிபரப்பு முடிந்த கையோடு அக்கா அழைத்தாள். "பாத்தியாடி? எவ்வளவு அழகா சொன்னாரு ஐயா! அதிகாரிங்க சொன்னா ராசியெல்லாம் பாக்காம கிளம்பிடணுமாம். அடுத்த தடவை நான் அப்படித்தான் செய்யப்போறேன்."

"செய்க்கா."

"அது கிடக்கட்டும். உன்னைப் பத்தி நான் சொன்னதை எவன்டி வெட்டினான்? அவன் கை விளங்குமா?"

"விளங்கட்டும்க்கா, விடு" என்றாள் அவள்.